மேக்காடு

பொட்டிப்புரம் ராக்கையா நல்ல மனிதர். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வரப்புச் சண்டையில் கை ஓங்காதவர், கூலியை மறுநாளைக்கு நிறுத்தி வைக்காதவர், அடுத்தவன் மாடு தோட்டத்தில் மேய்ந்தால் ஓட்டிக்கொண்டு போய் அவன் வீட்டிலேயே கட்டிவிட்டு வருபவர். எல்லாம் உண்மை. தம்பி கர்ணனைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை மனைவி ஜக்கம்மாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். இதற்கும் அடியில் மூன்றாவது ஒன்று கிடந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் திசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொட்டிப்புரத்தில் மேற்கு என்றால் மேடு. மலை மேற்கே நிற்கிறது, தண்ணீர் கிழக்கே ஓடுகிறது. மேற்கில் இருக்கும் நிலம் மேக்காடு, கிழக்கில் இருப்பது கீக்காடு. ‘மேக்க’ என்றால் மேற்கும் அதுதான், உயரமும் அதுதான். இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை இங்கே யாருக்கும் வந்ததில்லை. போடிமெட்டைத் தாண்டினால் கதை மாறிவிடும். மலையின் முதுகு அங்கே முடிகிறது. அப்பால் கேரளம், தரை மேற்கு நோக்கி இறங்குகிறது. கிழக்கே இருப்பது உயரம், மேற்கே இருப்பது பள்ளம்.

ராக்கையாவின் தகப்பனார் மெட்டுக்கு அப்பால் இரண்டு துண்டு ஏலக்காய் நிலம் வைத்திருந்தார். ஒன்று மலைமுதுகை ஒட்டிக் கிழக்கே ஆறு ஏக்கர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். மற்றது மேற்கே இறங்கி நாலு ஏக்கர், ஆயிரத்து நூறு மீட்டர். உயரத்தில் இருந்தது பனிக்காடு. மார்கழியில் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். தகப்பனார் அங்கே இரண்டு தடவை ஏலம் நட்டார். இரண்டு தடவையும் தை பிறக்கும்போது இலை கருகிச் சுருண்டது. கீழே இருந்த நாலு ஏக்கர்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

தகப்பனார் போனபின், 1993 ஆவணியில் பாகம் பிரித்தார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். பங்கு வைக்கிறவன் கோணலாக வைத்தால் கோணல் பங்கு அவன் தலையிலேயே விழும் என்பதற்காகப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு. ராக்கையா யோசித்துப் பார்த்தார். நாலு ஏக்கரைத் தனியாக வைத்தார். ஆறு ஏக்கரோடு தகப்பனார் ஓட்டிய பழைய டீசல் ஜீப்பையும் சேர்த்து வைத்தார். கர்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஜீப் என்றால் உயிர்.

பத்திர ஆபீஸ் வாசலில் கர்ணன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. “எனக்கு மேக்காடுண்ணே.”

ராக்கையாவுக்குப் புரிந்துவிட்டது. தம்பி மேற்கே இருப்பதைக் கேட்கிறான். நாலு ஏக்கரைக் கேட்கிறான். பத்திரம் எழுதுகிறவர் மலையாளி. பேனாவைத் தூக்கிக்கொண்டு ராக்கையாவைப் பார்த்து, “மேலத்ததோ?” என்றார். உயரத்தில் இருப்பதா என்று கேட்டார். மலையாளத்தில் மேற்குக்குப் படிஞ்ஞாறு என்று வேறு சொல் இருக்கிறது. கேரளத்து எஸ்டேட்டில் பதினைந்து வருடம் பழகிய ராக்கையாவுக்கு அது தெரியும். கர்ணனுக்குத் தெரியாது.

“மேலத்தது தன்னே” என்றார் ராக்கையா.

அவ்வளவுதான் நடந்தது. கர்ணன் மலையாளத்தில் எழுதிய பத்திரத்தின் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். மறுவாரம் இடத்தைக் காட்ட ராக்கையா கிழக்கே ஏற்றிக்கொண்டு போய், “நீ கேட்டதுதான்” என்றார். கர்ணன் கொஞ்சநேரம் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “சரிண்ணே” என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். அவன் விளங்கிக்கொண்டானா, ஜீப்புக்காக உயரத்தைத்தான் கேட்டிருந்தானா என்பது அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. ராக்கையா அந்த முகத்தை முப்பது வருடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவருக்கு நல்ல காலம். கீழ்க்காட்டில், அவர் வைத்துக்கொண்ட நாலு ஏக்கரில், காய் கொட்டியது. கர்ணன் போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றி இறக்கிப் பிழைத்தான். மேலே பீன்ஸ் போட்டான், முட்டைக்கோஸ் போட்டான், நடுவில் பிடிவாதமாக ஏலமும் நட்டான். பனி வந்து எடுத்துக்கொண்டு போனது. பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்கு ராக்கையா அரிசி மூட்டையும் வேட்டி சேலையும் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது மனது லேசாக இருக்கும். தப்புச் செய்தவன் மனது அப்படி லேசாக இருக்கக்கூடாது என்று நினைப்பார். ஆனாலும் லேசாகத்தான் இருந்தது.

கர்ணன் பழைய டீசல் என்ஜின் ஒன்றை வாங்கிப் பள்ளத்து ஊற்றில் இறக்கினான். பனி விழும் என்று தெரிந்த நாளில் விடியலுக்கு முன்னே என்ஜினை ஓட்டிச் செடிமேல் தண்ணீர் தெளிப்பான். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை விடும். அந்தக் கொஞ்ச வெப்பத்தில் குருத்து பிழைத்துவிடும். போடி டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

“பனிக்கு டீசல் ஊத்துறான்யா ராக்கையா தம்பி.”

“ஊத்தட்டும். பனி குடிச்சுட்டு மப்புல கெடக்கும்ல.”

ராக்கையாவும் சேர்ந்து சிரித்தார். அவர் மனம்விட்டுச் சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று ஜக்கம்மா பின்னாளில் சொல்வாள்.

ஏனென்றால் பனி குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருடம் நாலு நாள், மறுவருடம் இரண்டு நாள். பிறகு ஒரு மார்கழி முழுக்க ஒரு நாள்கூட இல்லை. கர்ணன் என்ஜினைப் பனிக்காக ஓட்டுவதை விட்டுவிட்டுக் கோடைப் பாசனத்துக்கு ஓட்டினான். ஆறு ஏக்கரும் ஏலம் நட்டான். மூன்றாம் வருடம் பூச்சரம் தரையில் படர்ந்து காய்த்தது. குளிரில் மெதுவாக விளைந்த காய், எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய். போடியில் காய்க்கு விலை கூறும் ஏலக்கூடத்தில் கர்ணனுடைய மாதிரிக் காயை வியாபாரிகள் உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். ராக்கையா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அந்த உள்ளங்கைகளைப் பார்ப்பார்.

தன்னுடைய காய்க்கு விலை போனது அவர் காதில் விழாது. தம்பிக்குப் போனது ஒரு வாரத்துக்கு நிற்கும்.

மேல்காட்டில் கர்ணன் ஸ்டோர் கட்டினான். ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் வீடு. இந்த மலையில் எல்லோருமே விறகில்தான் உலர்த்தினார்கள். ஒரு நாள் முழுக்க அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். சூடு ஏறும் இறங்கும். புகை கசிந்தால் காய் பழுப்படிக்கும். கர்ணன் டீசல் பர்னர் வைத்தான். ஐம்பது டிகிரி என்று திருகி வைத்தால் ஐம்பதிலேயே நின்றது. காய் செடியில் இருந்த அதே பச்சையில் வெளியே வந்தது.

ஜக்கம்மா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கீழ்க்காட்டு அடுப்புக்கு இருபது வருடமாக விறகு தள்ளியவள் அவள்தான். கண் எப்போதும் சிவந்திருக்கும், மார்கழியில் இருமல் விடாது.

“நம்மளும் ஒண்ணு வச்சுருவோம்ங்க. அங்கன புகையே இல்ல. கர்ணன் பொண்டாட்டி உள்ள உக்காந்து பூக் கட்டுறா.”

“அவன் வச்சா நாமளும் வைக்கணுமா?”

“அவன் சோறு திங்குறான்னு நீங்க பட்டினி கெடப்பீகளா?”

“டீசல் நாத்தம் காய்ல ஏறும்.”

“ஏறலையே. மோந்து பாத்துட்டுத்தான் வந்தேன்.”

ராக்கையா விறகிலேயே உலர்த்தினார். விறகுக்கு நிழல் மரங்களைக் கவாத்துச் செய்தார். ஏலத்துக்கு மேலே மரம் குடை பிடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கிளை கழிப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் கொஞ்சம் கூடுதலாகக் கழித்தார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். மேலே டீசல் எரிந்தது, தம்பியின் மரங்கள் அடர்ந்தன. கீழே விறகு எரிந்தது, அண்ணனின் காட்டில் வானம் தெரிய ஆரம்பித்தது. டீசல் காற்றைக் கெடுக்கிறது என்பது சரிதான். அந்த ஆறு ஏக்கர் மரத்தை வெட்டுக் கத்தியிலிருந்து காப்பாற்றியதும் அதே டீசல்தான்.

ஒரு மார்கழியில், அவருக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும்போது, விடியலில் கிளம்பி மெட்டுவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மேல்காட்டு வேலி வரைக்கும் நடந்தார். கடுங்குளிர். உறைபனி விழுந்திருக்கும் என்று வேலிக்கு வெளியே குனிந்து புல்லைத் தொட்டார். கை நனைந்தது. தண்ணீர்தான். இன்னும் நாலு இடத்தில் தொட்டுப் பார்த்தார். எல்லாம் தண்ணீர். வேலிக்கு உள்ளே என்ஜின் சத்தம் இல்லை. ஏலப்பூ வெள்ளையும் ஊதாவுமாகத் தரையோடு கிடந்தது. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். எங்கே போனீர்கள் என்று ஜக்கம்மா கேட்டதற்கு, ‘சும்மா’ என்றார்.

மகள் இன்ஜினியரிங் படித்துவிட்டு வெளியூரில் அளவீட்டுக் கருவி வேலை பார்த்தாள். ஒரு தீபாவளிக்கு வந்தபோது இரண்டு காட்டிலும் வெப்பமானி கட்டினாள். அடுத்த வருடம் வந்து அவை பதிந்து வைத்திருந்ததைப் படித்துச் சொன்னாள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். நானூறு மீட்டருக்கு இரண்டரை. ஊர் உலகம் ஒரு டிகிரி சூடானால், ஏலத்துக்குப் பிடித்த கோடு நூற்றைம்பது மீட்டர் மலையேறிவிடும்.

“ஏலம் மேல ஏறுதுப்பா. சித்தப்பா காட்டுக்கு இது லாபம். நமக்கு நஷ்டம். ரெண்டும் ஒரே சூடுதான்.”

“அவனுக்குன்னு சூடாகுதாக்கும்.”

“நெலக்கரியும் டீசலும் எரிஞ்சு ஆகுற சூடுப்பா. ஆள் பாத்து ஆகுறதில்ல.”

“எரிக்கிறது அவன். காயிறது நானு” என்றார் ராக்கையா. மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் ஓட்டுகிற டிராக்டரும், ஊருக்குப் போகிற பஸ்ஸும் எதில் ஓடுகின்றன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

2024 கோடையில் மழை வரவில்லை. மாசியில் ஒன்று பெய்திருக்க வேண்டும், பங்குனியில் ஒன்று. இரண்டும் இல்லை. கழித்த கிளைகளுக்கு நடுவே வெயில் நேராக இறங்கியது. ஏலத்தின் தண்டு வாழைபோல உள்ளிருக்கும் நீரால் நிற்பது. அது மடிந்து மடிந்து விழுந்தது. சித்திரை முடிவதற்குள் நாலு ஏக்கரில் மூன்றரை ஏக்கர் வைக்கோலாகிவிட்டது. ராக்கையா காட்டுக்கு நடுவே நின்று கிழக்கே அண்ணாந்து பார்த்தார். மேலே மூடுபனி தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி காடு கரும்பச்சையாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முப்பது வருடம் புதைத்து வைத்த தப்பை இப்போது தோண்டி எடுத்தால் என்ன? பத்திரம் தப்பு. தம்பி கேட்டது மேற்கு, எழுதியது உயரம். தப்பைத் திருத்தினால் மேல்காடு யாருக்கு வரும்?

அடுத்த நாள் ஜெய்லானியின் ஜீப்பில் ஏறினார். ஜெய்லானி உத்தமபாளையத்துக்காரன், கர்ணனிடம் ஜீப் ஓட்டப் பழகியவன்.

“என்ன மாமா, அதிசயமா மேல?”

“தம்பியப் பாக்க.”

“இம்புட்டு நாளா கீழருந்து பாத்தது பத்தலையா?”

“ரோட்டப் பாத்து ஓட்டுலே.”

கர்ணன் ஸ்டோர் வாசலில் சல்லடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து துண்டால் பெஞ்சைத் துடைத்தான். பால் விடாத கட்டஞ்சாயா வந்தது. ராக்கையா குடிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கர்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பாகம் பிரிச்ச அன்னிக்கி. நீ மேக்காடுன்னு கேட்டது மேக்க இருக்குறத. எழுதுனவரு மேல இருக்குறதுன்னு எழுதிட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்.”

கர்ணன் கம்பியைக் கீழே வைத்தான்.

“தெரிஞ்சேதான் சொன்னேன்” என்றார் ராக்கையா. அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் வரவில்லை. வாயில் வந்துவிட்டது. “எனக்கு வயசாச்சு. தப்பத் திருத்திட்டுப் போயிருவோம்னு பாக்கேன். நீ கேட்டத நீ எடுத்துக்க. இத எனக்கு எழுதிரு.”

கர்ணன் அண்ணனையே பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். ஏளனம் இல்லை. நெடுநாளாக எதிர்பார்த்த ஆள் வந்து கதவைத் தட்டினால் வருகிற சிரிப்பு.

“மேக்க இருக்கதத்தாண்ணே கேட்டேன். அன்னிக்கி புல்லுல நின்னப்பவே புரிஞ்சுபோச்சு.”

“பொறகு ஏன் நீ கேக்கல?”

“கேட்டா நீ இல்லம்ப. நீ இல்லன்னு சொல்லி நான் அதக் கேட்டுட்டு நிக்கணுமா?”

ராக்கையா தரையைப் பார்த்தார்.

“மாத்தணும்னா மாத்துவோம்ணே” என்றான் கர்ணன். “எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா முழுசா மாத்தணும். பதினாலு வருசம் இங்கன பனி விழுந்துச்சுல்ல, அதையும் நீ வாங்கிக்கிரணும். மூணு தடவ நட்டு மூணு தடவ கருகுனத வாங்கிக்க. எம்பிள்ளைக்குப் பீஸ் கட்ட நான் நைட்டு லோடு அடிச்சத வாங்கிக்க. பொங்கலுக்கு நீ கொண்டாந்த அரிசி இருக்கு பாரு, அத நான் உனக்குக் கொண்டாந்து தாரேன், வாசல்ல நின்னு கும்பிட்டு வாங்கு. அம்புட்டையும் வாங்கிட்டு இந்தக் காட்ட எடுத்துக்க. சூடு இப்பத்தானண்ணே வந்துச்சு. பனி எனக்கு, சூடு உனக்கா?”

குரலை உயர்த்தவில்லை. சொல்லி முடித்ததும் அவனே சங்கடப்பட்டு, “டீ ஆறுது” என்றான்.

ராக்கையா டீயைக் குடித்தார். குடிக்கும்போதும் அவர் கண் ஸ்டோருக்குள் பரப்பியிருந்த பச்சைக் காயின் மேலேயே இருந்தது. வெட்கத்திலும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. எழுந்தபோது கர்ணன் பின்னாலேயே வந்தான்.

“கீழ எல்லாம் போயிருச்சுன்னு ஜெய்லானி சொன்னான். மொதல்ல மரத்த வளரவிடு, கத்திய வைக்காத. என் பர்னர்லயே உனக்கும் ஒணத்திக்கலாம். ஆனியில மழை விழுந்ததும் கன்னு தாரேன். எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்க.”

“வேணாம்.”

“இருக்கட்டும். வேணும்னா சொல்லிவிடு.”

இறங்கும் வழியில் நாலாவது கொண்டை ஊசி வளைவில் ராக்கையாவே வாய் திறந்தார்.

“ஆனியில மேல வரவேண்டியிருக்கும். ரெண்டு நட. கன்னு ஏத்தணும்.”

“சரி மாமா.”

“யார்ட்டயும் சொல்லாத.”

ஆனியில் மழை விழுந்தது. ராக்கையா போய்த் தானே குனிந்து கன்று பறித்தார். ஒவ்வொரு தூரையும் விரலால் அழுத்திப் பார்த்து நல்லதாகவே எடுத்தார். கர்ணன் வேறு வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் வரவில்லை. கீழே ஆயிரத்து இருநூறு குழி போட்டு நட்டார்கள். இடையிடையே நிழலுக்கு மரக்கன்றும் நட்டார்கள். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனர் பாண்டீஸ்வரன் போனில் விசாரித்தபோது, “வண்டன்மேட்டு நர்சரியில வாங்குனேன்” என்றார் ராக்கையா. ஜக்கம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். அது கர்ணன் காதுக்கும் போனது. தம்பி கொடுத்த கன்று என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை.

அதற்குப் பின்னும் அவர் நல்லவராகிவிடவில்லை. ஏலக்கூடத்தில் தம்பி காய்க்கு விலை சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். கர்ணன் வீட்டில் மாடி எழுப்பியபோது, அஸ்திவாரம் தாங்காது என்றார். கர்ணனின் பர்னரில் ஒருமுறைகூட உலர்த்தவில்லை. ஆனால் கிளை கழிக்கும் கத்தியை எடுக்கவில்லை. மிச்சமிருந்த அரை ஏக்கர் காயை வெயிலில் காயவைத்து, நிறம் வெளுத்துப்போனதைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். விறகு அடுப்பில் ஜக்கம்மா துளசிச் செடி வைத்தாள்.

2025 தை மாதம், ஒரு புதன்கிழமை காலை, கீழ்க்காட்டில் கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெய்லானி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வயது அறுபத்தைந்து.

கருமாதிக்கு வந்த பாண்டீஸ்வரன் காட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கர்ணன்தான் ஜீப்பில் கூட்டிப்போனான். மகளும் போனாள். கன்றுகள் முழங்காலைத் தாண்டி நின்றன. ஒன்றுகூடப் பழுதில்லை. பாண்டீஸ்வரன் குனிந்து இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தார். திராட்சைக்காரர், செடியைப் பார்க்கத் தெரிந்தவர்.

“ஒங்காட்டுச் சாதி மாதிரியே இருக்கேப்பா கர்ணா. அதே தூரு. நீ குடுத்ததா?”

கர்ணன் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

“இல்ல மச்சான்” என்றான். “வண்டன்மேட்டுல அண்ணந்தான் வாங்கியாந்தாக.”